ஒடியாவில் போட்ட கையெழுத்து: திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு,

போன மாதம் எங்கள் பட்டறை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். கெமிக்கல் ஸ்டோரில் நடந்த விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று அதில் இருந்தது. அவர் முறையாகப் பயிற்சி பெற்றவர்தான் என்று காட்ட, பயிற்சிப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை நகலெடுத்துப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள். பதினேழாவது வரியில் அந்தத் தம்பியின் கையெழுத்து. படிவம் தமிழில் இருக்கிறது. கையெழுத்து ஒடியாவில் இருக்கிறது. பயிற்சியன்று போட்டுக் காட்டிய வீடியோ ஹிந்தி. அவன் திறந்த ட்ரம்மின் மேல் இருந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ்.

இந்தத் தொழிலில் எனக்கு 22 வருடம் ஆகிறது. ஹெல்பராக வந்து, மெஷின் ஓட்டி, இப்போது கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நோட்டீஸில் அது இல்லை. ராத்திரி ஷிஃப்ட். ஒரு லாட்டில் சாயம் சரியாக ஏறவில்லை, இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். ஹைட்ரோஸ் கொண்டுவா என்று சூப்பர்வைசர் சொல்கிறார், ஏறிய சாயத்தை இறக்கும் பொடி அது. தம்பி கையில் மக் இருக்கிறது, அதுவரை தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த மக். அதையே ட்ரம்முக்குள் விட்டு அள்ளினான், மூடியைப் போட்டுவிட்டு வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஸ்டோரிலிருந்து புகை. ஓடிப்போய் மூடியைத் திறந்தான். அப்புறம் யாராக இருந்தாலும் எதைச் செய்வார்களோ அதைச் செய்தான்: ஒரு மக் தண்ணீரை உள்ளே ஊற்றினான்.

ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். சூடு ஏற ஏறச் சிதையும், சிதைந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு வரும், நிலைமை முற்றினால் தீயும் பிடிக்கும். அதற்குள் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவது அடுப்பில் இன்னொரு விறகைச் செருகுவது மாதிரி. தம்பி அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தான். ஆறு நாள் ஆஸ்பத்திரி. இப்போது ஊருக்குப் போயிருக்கிறான்.

நெருப்பென்றால் தண்ணீர் என்று குழந்தையிலிருந்து பழகிய கை அது. அந்தப் பழக்கத்தை உடைக்கத்தானே பயிற்சி? அந்த இருபது நிமிட வீடியோவை நானும் உட்கார்ந்து பார்த்தவன். ஹெல்மெட் போட்ட ஒருவர் ஏதோ எண்ணெய் ஆலைக்குள் நடந்துகொண்டே பேசுகிறார். ஹைட்ரோஸ் என்ற பேரே அதில் வரவில்லை. சாயப்பட்டறை என்று ஒன்று உலகத்தில் இருப்பது அந்த வீடியோ எடுத்தவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இதற்குப் பிறகு எங்கள் பகுதி உரிமையாளர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்திருப்பதாக ஆபீஸில் சொன்னார்கள். இனிமேல் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கையெழுத்தோடு கைரேகையும் வாங்க வேண்டுமாம், போட்டோவும் எடுக்க வேண்டுமாம். வீடியோ அதேதான். நேரமும் அதே இருபது நிமிடம்தான். ஒருவன் புரியாமல் போட்ட கையெழுத்தால் இவ்வளவு நடந்திருக்கிறது, நீங்கள் கையெழுத்தைப் பலப்படுத்துகிறீர்கள். இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

லேபிளில் படம் இருக்கிறதே, படிக்கத் தெரியாதவனுக்கும் புரியுமே என்று நீங்கள் சொல்லலாம். ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வகுத்த குறிகள் அவை. சிவப்புக் கட்டத்துக்குள் மொத்தம் 9 படங்கள், உலகம் முழுக்க ஒரே மாதிரி. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் டீ நேரத்தில் ஒரு நாள் அந்தப் படங்களை ஹெல்பர்களிடம் காட்டி, இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். மண்டை ஓட்டை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள், கரண்ட் கம்பத்தில் பார்த்த பழக்கம். கையின் மேல் ஏதோ ஊற்றுகிற படம் இருக்கிறது, அரிக்கும் பொருள் என்று அர்த்தம். அதைக் காட்டினால் இரண்டு பேர் ‘கை கழுவுற இடம்’ என்றார்கள். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதனை ஒருவன் போலீஸ் என்றான். உள்ளுறுப்புகளையும் நுரையீரலையும் நாள்பட நாள்படக் கெடுக்கும் பொருளுக்கு உரிய குறி அது.

தமிழ் படித்தவர்கள் நிலைமையும் பெரிய வித்தியாசமில்லை. கட்டத்துக்குள் ஒற்றைக் கோடும் புள்ளியும் இருக்கும், எரிச்சல் தரும், தீங்கு செய்யும் என்று எச்சரிக்கிற குறி. பள்ளிக்கூடத்தில் நாம் அதற்குப் படித்த பேர் ஆச்சரியக்குறி. ‘ஆகா, என்ன அழகு’ என்று எழுதிவிட்டு அதைத்தான் போடுவோம். ஒரு பையன் அதைப் பார்த்து, ‘நல்ல சரக்குன்னு போட்டிருக்காங்கண்ணா’ என்றான். எல்லோரும் சிரித்தோம். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொன்று, வட்டத்தின் மேல் தீ எரிகிற படம். துணியை வெளுக்கப் பயன்படும் பெராக்சைடு கேனில் இருக்கும். வெறும் தீப் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் எங்கள் பட்டறையில், டையிங் மாஸ்டரையும் சேர்த்து, மூன்றே பேர். பெராக்சைடு தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும். பஞ்சுத் தூசி, சணல் சாக்கு, எண்ணெய்த் துணி இதெல்லாம் அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. துருவோ அழுக்கோ உள்ளே போனால் கேனுக்குள்ளேயே சிதைந்து வாயு கட்டும். அதனால்தான் அந்த மூடியில் காற்றுப் போக்கு வைத்திருக்கிறார்கள். கேன் ‘உஸ்’ என்கிறது, ஓட்டை மூடி என்று நினைத்து அதன் மேல் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவைத்த ஒருவரை எனக்குத் தெரியும். பொறுப்பாகச் செய்கிறோம் என்று நினைத்துத்தான் கட்டினார். அவருடைய கையெழுத்தும் பதிவேட்டில் இருக்கிறது. கேன் உப்பிக்கொண்டு வந்ததை நான் தற்செயலாகப் பார்த்தேன்.

சரி, கேனிலாவது லேபிள் இருக்கிறது. ஹெல்பர் கேனைக் கையாள்வதில்லை, மக்கையும் வாளியையும்தான் கையாள்கிறான். அதில் எந்த லேபிளும் கிடையாது. அசிட்டிக் ஆசிட்டும் தண்ணீர் மாதிரி இருக்கும், பெராக்சைடும் தண்ணீர் மாதிரி இருக்கும், காஸ்டிக் என்கிற காரத்தின் கரைசலும் தண்ணீர் மாதிரி இருக்கும். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஆசிட் ஊற்றிவைப்பது நம் பட்டறைகளில் நடக்காத விஷயம் என்று யாராவது சொல்ல முடியுமா? ஒவ்வொரு கெமிக்கலின் ஆபத்தையும் சொல்லும் 16 பகுதித் தாளும் ஸ்டோர் சுவரில் தொங்குகிறது, பாலிதீன் உறைக்குள் மஞ்சள் பூத்துப்போய். நான்காவது பகுதி முதலுதவி, பத்தாவது எதனோடு எது சேரக் கூடாது என்பது. ஆடிட் வரும்போது அதைத் துடைத்துவைப்பது என் வேலை. படித்துக் காட்டச் சொல்லி இதுவரை ஆடிட்டர் உட்பட யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் வேலைக்கு வந்த புதிதில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. என்னோடு வேலை செய்த ஒரு அண்ணன் காஸ்டிக் வாளியைத் தூக்கும்போது தளும்பி வலது கண்ணில் பட்டுவிட்டது. குழாயில் முகத்தைக் கழுவினோம், ஒரு நிமிடம் இருக்கும். ஒருவர் பால் ஊற்றச் சொன்னார், டீக்கடைக்கு ஆள் ஓடினது. அதற்குள் வண்டி வந்துவிட்டது, பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோனோம். வேகமாகக் கொண்டுபோனோம் என்று எங்களுக்கு ஒரு பெருமை கூட இருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ‘எவ்வளவு நேரம் தண்ணியில கழுவுனீங்க?’ சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. ஆசிட் பட்டால் மேல்தோலை வேகவைத்து அதோடு பெரும்பாலும் நின்றுவிடும், காரம் அப்படி இல்லை, சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும், குறைந்தது பதினைந்து நிமிடம் விடாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும் என்றார். நாங்கள் வண்டியில் போன அத்தனை நேரமும் அது உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அண்ணனுக்கு அந்தக் கண்ணில் இன்றைக்கும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். எங்களுக்கு இல்லாமல்போனது ஒரே ஒரு வாக்கியம். ‘முதலில் பதினைந்து நிமிடம் கழுவு.’ அதை யாராவது எங்கள் தலையில் ஏற்றியிருந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரிகிற காயத்தையாவது பேசுகிறோம். சாயப் பொடி எடை போடுகிற ரூமில் நிற்பவர்களை யாரும் பேசுவதில்லை. ரியாக்டிவ் சாயப் பொடி மூச்சில் போய்ப் போய்ச் சிலருக்கு ஒவ்வாமையாகி ஆஸ்துமா வரும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஞாயிற்றுக்கிழமை இளைப்பு குறையும், திங்கள்கிழமை எடை போட ஆரம்பித்ததும் திரும்பும். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் சுத்தமாக நின்றுவிடும். எங்கள் எடை ரூம் ஆள் இதை ‘திருப்பூர்க் காத்து எனக்கு ஒத்துக்கல’ என்று பல வருடம் சொல்லிக்கொண்டு, கர்ச்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டு எடை போட்டார். கர்ச்சீப் அந்தப் பொடியைத் தடுக்காது, அதற்கென்று மாஸ்க் வேறு இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் ரொம்பக் கொஞ்சம் பொடியே போதும், உடம்பு பொங்கிவிடும். இந்த இரண்டு விஷயத்தையும் முதல் வருடமே அவருக்குச் சொல்லியிருந்தால் அவர் வேறு வேலை கேட்டிருப்பார்.

கழிவுநீர்த் தொட்டி பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, செய்தித்தாள் படிக்கிறீர்கள். ஒருவர் இறங்கி மயங்க, தூக்க இறங்கியவரும் மயங்க, ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர். அழுகிய முட்டை வாடை அடித்தது, இப்போது போய்விட்டது, காற்று சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்குகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடக் கூட, பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது, மூக்குதான் செத்துப்போகிறது. வாடை இல்லை என்பது அங்கே நல்ல சேதி இல்லை. உறவுக்காரனோ நண்பனோ உள்ளே விழுந்து கிடக்கும்போது மேலே நிற்பவனைத் தடுத்து நிறுத்த, இது முன்பே அவன் மனதில் பதிந்திருந்தால் ஒழிய வேறு வழியே கிடையாது.

நொய்யலை நினைத்துப் பாருங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நானும் மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தவன். ஆற்றைக் கெடுத்தோம், தண்டனை வந்தது, நியாயம்தான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு நீங்கள் எவ்வளவு கொட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். மீட்டர் வைத்தீர்கள், படித்த ஆட்களை வைத்தீர்கள். வெளிநாட்டுக் கம்பெனி தடைசெய்த சாயங்களின் பட்டியல் கொடுத்தால், ஒரு வரி விடாமல் கடைப்பிடிக்கிறீர்கள், அந்தச் சட்டையைப் போடப்போகும் குழந்தைக்கு அரிப்பு வரக் கூடாது என்று. தண்ணீருக்கும் துணிக்கும் முடிந்திருக்கிறது. நடுவில் நிற்கிறவனுக்கு மட்டும் இருபது நிமிடம்.

சட்டம் புதிதாக எதுவும் வர வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி போபாலில் நடந்ததற்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். போபால் ஆலையிலும் இயக்கக் கையேடுகள் இங்கிலீஷில்தான் இருந்தன, அதைப் படிக்க முடியாத தொழிலாளிகள் அங்கே நிறைய. திருத்தத்தில் வந்த 7ஏ பிரிவு, தொழிலாளிக்குத் தகவலும் அறிவுறுத்தலும் பயிற்சியும் தருவது ஆலை நடத்துபவரின் கடமை என்றது. 111ஏ, அதைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை என்றது. இப்போது சட்டங்களையெல்லாம் சேர்த்துப் புதுத் தொகுப்பாக்கியிருக்கிறார்கள், அந்தக் கடமை அதிலும் இருக்கிறது. நம் பனியனை வாங்குகிற அமெரிக்காவில் 1983-இல் வந்த விதியை ‘தெரிந்துகொள்ளும் உரிமை’ என்று சொன்னார்கள். 2012-இல் அதைத் திருத்தும்போது ‘புரிந்துகொள்ளும் உரிமை’ என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கே முப்பது வருடம் ஆகியிருக்கிறது, லேபிள் ஒட்டினால் மட்டும் போதாது என்று ஒத்துக்கொள்ள.

‘மூணு மாசத்துல ஊருக்குப் போயிடறானுங்க, இவனுங்களுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுக்கறது’ என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மூன்று மாதம் இருப்பவனுக்குத்தான் முதல் நாளே தெரிய வேண்டும், பழகித் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரம் இல்லை. உற்பத்தி கெடும் என்பீர்கள். ஷேடு தப்பினால் ஒரு முழு ஷிஃப்டை அதற்குக் கொடுத்து லாட்டை மறுபடி ஓட்டுகிறோம், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஷேடு பார்க்க யாருக்காவது வீடியோ போட்டுக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? மாஸ்டர் பக்கத்தில் நிற்க வைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்து, ‘சொல்லு, சிவப்பு தூக்குதா, மஞ்சள் தூக்குதா’ என்று கேட்டு, தப்பாகச் சொன்னால் திட்டி, மறுபடி கேட்டுத்தானே கற்றுக்கொடுக்கிறோம்? சொல்லிக்கொடுக்கும் வித்தை இந்தத் தொழிலுக்கு நன்றாகத் தெரியும். உயிர் விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

விபத்துக்குப் பிறகு நானும் மாஸ்டரும் ஒரு காரியம் செய்தோம். பட்டறைக்குப் பின்னால் வெட்டவெளியில், காற்று போகிற பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, ஒரு இரும்புத் தட்டில் ஒரு ஸ்பூன் ஹைட்ரோஸ் வைத்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டோம். புகைவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கெட்டிக் காஸ்டிக்கில் ஒரு கோழித்தோல் துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம், வந்து குச்சியால் எடுத்தால் சோப்பு மாதிரி வழுக்குகிறது. பெராக்சைடில் துருப்பிடித்த ஆணி, அது நுரைத்தது. ஒடியா தெரிந்த மூத்த ஆள் ஒருவர் நாங்கள் சொன்னதை அவர்கள் பேச்சில் சொன்னார், ஹிந்தியை விட அது எவ்வளவு வேகமாக உள்ளே போனது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பச் சொல்ல வைத்தோம். கடைசியில் கண்ணைக் கட்டிவிட்டு, உன் மெஷினிலிருந்து கண் கழுவும் குழாய்க்குப் போ என்றோம். பத்து விநாடியில் போய்ச் சேர வேண்டும். முதல் நாள் பாதிப் பேர் ட்ராலியில் இடித்துக்கொண்டார்கள். ட்ராலியை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

செலவு ஒரு கோழித்தோல். அடுத்த வாரம் ஒரு சூப்பர்வைசர் அவசரத்தில் ஈர மக்கோடு ஸ்டோருக்குள் வந்தார். வந்து இருபது நாளே ஆன ஒரு ஹெல்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தமிழில் அவனுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தையில் இரண்டு, ‘தண்ணி வேண்டா’.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். கைரேகை மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தை நிறுத்திவையுங்கள். புதிதாக வருகிறவரைக் கெமிக்கல் பக்கம் விடுவதற்கு முன் இரண்டு மணி நேரம், சம்பளத்தோடு, அவர் பேசும் மொழியில், அவர் தொடப்போகும் பொருளையே வைத்துச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுப்பவர் வெளியாளாக இருக்க வேண்டாம், பட்டறையிலேயே ஒடியா, ஹிந்தி, பெங்காலி பேசும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதற்கென்று ஒரு படி கொடுங்கள். பதிவேட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: திரும்பச் சொன்னாரா, செய்து காட்டினாரா என்று. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் சொல்லிக்கொடுத்தவர்.

மக், வாளி, சின்ன கேன் எல்லாவற்றுக்கும் நிறம் பிரித்து, பேரும் எழுத வேண்டும். ஹைட்ரோஸ் அள்ளும் காய்ந்த கரண்டி ட்ரம் இருக்கும் இடத்தை விட்டு வெளியே போகாதபடி சங்கிலியில் கட்டுங்கள். சங்கிலியை நானே வாங்கித் தருகிறேன். எடை ரூமில் நிற்பவர்களுக்குச் சரியான மாஸ்க்கும், வருடம் ஒருமுறை மூச்சுப் பரிசோதனையும் வேண்டும், முடிவுத் தாள் அவர்கள் கைக்கும் வர வேண்டும். தொட்டிக்குள் ஆள் இறக்குவதை நிறுத்துங்கள். ராத்திரி ஷிஃப்டில் ஸ்டோர் சாவி விஷயம் தெரிந்த ஒருவரிடம்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு ஆஸ்பத்திரி நாட்களுக்கான சம்பளம் இன்னும் வரவில்லை. அதைக் கொடுத்துவிடுங்கள், நெஞ்சுப் பரிசோதனைச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வருகிறேன் என்று போனில் சொன்னான். அவன் வருவதற்குள் அந்த நோட்டீஸைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கெமிக்கல் ஸ்டோர் கீப்பர் ஒருவர்,
திருப்பூர்